64 கட்டங்களின் எண்: கால்குலேட்டர் மறைத்த பத்து இலக்கங்கள்

சாட்ஸ்வர்த்_அம்மா | சனி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. படையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமனார் பேரனுக்குச் சதுரங்கப் பலகைக் கதையைச் சொல்லிவிட்டார். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு, இப்படி 64 கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் ராஜாவின் களஞ்சியமே காலி என்ற கதை. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் மகன் (கிரேடு ஏழு) அதோடு விடவில்லை. மொத்தம் எத்தனை அரிசி என்று கால்குலேட்டரில் போட்டான். 1.844674407 என்று போட்டு, பக்கத்தில் பெருக்கல் பத்தின் 19-ஆம் அடுக்கு என்று காட்டியது. அப்படியானால் மொத்தம் இருபது இலக்கம், கண்ணுக்குத் தெரிவது பத்து. மீதிப் பத்து எங்கே என்று கேட்கிறான். எக்செலில் போட்டோம், 18446744073709600000 என்று வந்தது. கடைசியில் ஐந்து பூஜ்யம். தாத்தா உடனே, "அது தப்பு, முதல் கட்டத்தில் இருப்பது ஒற்றை அரிசி, மற்றதெல்லாம் இரட்டைப்படை, மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் வரணும்" என்றார். தாத்தா ஆறாவதோடு படிப்பை விட்டவர். அவர் சொன்னது சரி என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இரண்டு கேள்விகள். சரியான எண் என்ன, அதைத் தமிழில் எப்படி வாசிப்பது? இரண்டாவது மகனுடையது: "பெரிசுன்னு தெரியுது, பெரிசா இருக்கிறதைத் தவிர அதுல வேற என்ன இருக்கு?"

மெரிபேங்க்_தம்பி | சனி இரவு 10:05

அக்கா, சரியான எண் 18 446 744 073 709 551 615. கணினிக்காரர்களுக்கு இது வீட்டு எண் மாதிரி. 64 இடங்களில் ஒவ்வொன்றிலும் ஒன்று என்று இரும முறையில் (0, 1 மட்டும் வைத்து) எழுதினால் இந்த எண். கட்டத்துக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சதுரங்கப் பலகை முழுக்க விளக்கு எரிகிற நிலை. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் 64 இடம் போதாது.

எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் மனதில் வைத்திருக்கும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நான் முதன்முதலில் நிரல் எழுதியபோது இதே எண்ணில் மாட்டிக்கொண்டு ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். 2⁶⁴ போட்டு ஒன்றைக் கழிக்கச் சொன்னால் (அரிசியின் மொத்தம் அதுதான்) கடைசி இலக்கம் 6 என்றே வந்தது. கழித்தும் கழியவில்லை. தசம எண்களுக்கான வழக்கமான வடிவத்தில் துல்லியமாக நிற்பது 53 இரும இடங்கள்தான். 2⁶⁴ என்பது ஒன்றுக்குப் பின்னால் வெறும் பூஜ்யங்கள், அது நுழைந்துவிடும். அதிலிருந்து ஒன்று குறைந்ததுமே 64 ஒன்றுகள் வேண்டும், இடம் இல்லை, பழைய இடத்துக்கே உருண்டுவிடும்.

உங்கள் மகனின் கேள்விக்கு: இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவான எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இதுவரை தெரிந்த மிகப் பெரிய பகா எண்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் கிடைத்திருக்கின்றன. ஆக இதுவும் பகா எண் என்று சொல்லலாம்.

டோங்காட்_வாத்தியார் | ஞாயிறு காலை 6:20

தம்பி, எண் சரி. கணினி விளக்கமும் நன்றாக இருக்கிறது. பகா எண் என்றது மட்டும் சரியில்லை, 5-இல் முடிகிறதே! பையனிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா, முழு எண்ணையும் பார்க்காமலேயே கடைசி இலக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றும். 64 நான்கால் வகுபடும், ஆகவே 2⁶⁴ 6-இல் முடியும், ஒன்று போனால் 5. கடைசி இரண்டு இலக்கமும் இப்படியே வரும். அங்கே சுற்று இருபது, 64-இல் மூன்று இருபது போக மீதி 4, இரண்டின் நான்காம் அடுக்கு 16, ஒன்று போனால் 15. உங்கள் மாமனார் ஒற்றைப்படை என்று சொன்னது இதே வகை யோசனை. எண்ணை முழுக்கப் பார்க்காமல் அதன் வாலைப் பிடிப்பது.

மெர்சென் எண் பகா எண்ணாக வேண்டுமானால் அடுக்கே பகா எண்ணாக இருக்க வேண்டும். 64 அப்படி இல்லை. ஆனால் இந்த எண் உடைகிற விதம் இருக்கிறதே, அது ரொம்ப அழகு. முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், இப்போதும் கரும்பலகையில் எழுதிப் பார்க்கத் தோன்றும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் நினைவிருக்கிறதா, கூட்டலும் கழித்தலும் பெருக்கினால் வருவது? 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆக நம் எண் (2³² − 1) × (2³² + 1). இடது பக்கத்தில் இருப்பதை மறுபடி அதே மாதிரி உடைக்கலாம், (2¹⁶ − 1) × (2¹⁶ + 1). மறுபடி. மறுபடி. வெங்காயம் உரிப்பது போல உரித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கிடைப்பது

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒவ்வொன்றும் முந்தையதன் அடுக்கை இரட்டித்து ஒன்று கூட்டியது. கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்தார்களே, அந்த இரட்டிப்பே எண்ணின் உள்ளே அடுக்கை இரட்டிப்பதாக ஒளிந்திருக்கிறது. பையன் கேட்டானே பெரிசாக இருப்பதைத் தவிர வேறென்ன என்று, அதற்கு என் பதில் இதுதான். இருபது இலக்கமுள்ள வேறு ஏதோ ஒரு எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அதைக் கையால் உடைக்கவே முடியாது. இது தாளில் ஐந்து வரியில் உடைகிறது, ஏனென்றால் அது பிறந்த கதை அதற்குள் அப்படியே இருக்கிறது.

லெனேசியாக்காரன் | ஞாயிறு காலை 9:12

தமிழில் வாசிப்பதை நான் சொல்கிறேன். நான் மதுரைப் பக்கம் பள்ளி முடித்துவிட்டு இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்தவன், கோடியில் எண்ணித்தான் பழக்கம். வலப்பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கமாகப் பிரியுங்கள்: 184467 | 4407370 | 9551615.

ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

கோடிக்கு மேலே சங்கம், பதுமம், வெள்ளம் என்றெல்லாம் பழைய பெயர்கள் உண்டு, ஆனால் ஒரு பட்டியலுக்கும் இன்னொன்றுக்கும் மதிப்பு ஒத்துப்போகாது. கோடி கோடி என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. இங்கே பள்ளியில் மூன்று மூன்றாகப் பிரித்து நடுவில் இடம்விட்டு எழுதுகிறார்கள், மில்லியன், பில்லியன். பிள்ளைகள் சாயங்காலத் தமிழ் வகுப்புக்கு வந்தால் லட்சம், கோடி. இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு ஒரே எண்ணை இரண்டு விதமாக வெட்டத் தெரியும், அது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

சாட்ஸ்வர்த்_அம்மா | ஞாயிறு மதியம் 1:30

வாசித்துக் காட்டினேன். தாத்தா "கோடி கோடி"யை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அவருடைய ஆயா அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்தில் இருந்தபோது இப்படித்தான், பெரிய கணக்கு எல்லாவற்றையும் கோடி என்றே சொல்வாராம்.

காலையில் மகன் ஆயிரம் அரிசி எண்ணி சமையலறைத் தராசில் வைத்தான், 20 கிராம் காட்டியது. அப்படியானால் பத்துக் கிலோ மூட்டையில் ஐந்து லட்சம் அரிசி. எந்தக் கட்டத்தில் நம் வீட்டு மூட்டை தீரும் என்று பார்க்கிறான்.

மெரிபேங்க்_தம்பி | ஞாயிறு மதியம் 2:15

வாத்தியார் ஐயா, திருத்தியதற்கு நன்றி, 5-இல் முடிவதை நான் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா, 19-ஆம் கட்டம் வரை கூட்டினால் 524287. மூட்டை தீர்ந்து, கூட அரைக் கிலோ கடன். இதில் இன்னொன்று, இந்த 524287 பகா எண்! 1588-இலேயே கட்டால்டி என்ற இத்தாலியர் சரிபார்த்துவிட்டார். வாத்தியார் சொன்ன விதிப்படி தேடினேன், 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய கட்டங்களில் நிறுத்தினால் மட்டும் அதுவரையிலான மொத்தம் பகா எண். 11, 23, 29 எல்லாம் பகா எண்களாக இருந்தும் அங்கே மொத்தம் உடைந்துவிடுகிறது. 11-இல் 2047, அது 23 × 89.

64 கட்டமும் சேர்ந்தால் உங்கள் தராசுக் கணக்குப்படி கிட்டத்தட்ட 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் விளைகிற அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேலே, ஆக எழுநூறு வருஷ விளைச்சல். இதே எண் ஹனோய் கோபுரம் விளையாட்டிலும் வரும், 64 வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இத்தனை நகர்த்தல். நொடிக்கு ஒன்று என்றால் 58,000 கோடி வருஷங்களுக்கு மேல் ஆகும். 1883-இல் அதை வெளியிட்டவர் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், காசியில் ஒரு கோயிலில் பூசாரிகள் தங்க வட்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதாகக் கதையும் கட்டிவிட்டார்.

டோங்காட்_வாத்தியார் | ஞாயிறு மாலை 5:50

தம்பி லூக்காவைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று, அவர் பெயர் மறுபடி வரும்.

காலையில் நான் எழுதிய ஆறு எண்களை மறுபடி பாருங்கள். 3, 5, 17, 257, 65537, ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1640-இல் நம்பினார். நிரூபணம் இல்லை, ஆனால் உறுதியாக நம்பினார். அடுத்தது 4294967297. பத்து இலக்கம். கையால் வகுத்துப் பார்ப்பதானால் அதன் வர்க்கமூலமான 65536 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. 90 வருஷத்துக்கு மேல் யாரும் அதை உடைக்கவில்லை. 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417.

எப்படி என்பதுதான் பாடம். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்க முடியும் என்று அவர் கண்டுகொண்டார். அப்படிப்பட்டவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் கதவு திறந்துவிட்டது! ஆறாயிரம் வகுத்தல் ஐந்தாகச் சுருங்கியது. பிற்பாடு லூக்கா இதை இன்னும் இறுக்கி, 128-இன் மடங்கைவிட ஒன்று அதிகம் என்றார். அப்படிப் பார்த்தால் 257, அடுத்தது 641, இரண்டே முயற்சி.

வகுக்காமலேயே 641 உள்ளே போகும் என்று காட்டவும் வழி உண்டு, கிரேடு ஏழுப் பையனுக்குக் கொஞ்சம் கடினம், ஆனால் முயன்றால் வரும். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1, அப்புறம் 625 + 16. முதலாவது என்ன சொல்கிறது? 5 × 2⁷ என்பது 641-ஐவிட ஒன்று குறைவு. மீதிக் கணக்கில் அது "கழித்தல் ஒன்று". நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் கழித்தல் போய்விடும், ஆக 625 × 2²⁸-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டாவது என்ன சொல்கிறது? 625-உம் "கழித்தல் 16"உம் 641-க்கு ஒன்றுதான். 16 என்பது 2⁴. ஆக 625-க்குப் பதில் அதைப் போட்டால், கழித்தல் 2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1-க்கு மீதி எதுவும் இல்லை. முடிந்தது. பெரிய எண்ணைத் தொடவே இல்லை பாருங்கள்.

ஆக நம் அரிசி எண்ணின் முழு உடைப்பு 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், எல்லாம் வெவ்வேறு, ஆகவே அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் இரண்டின் ஏழாம் அடுக்கு, 128.

பலகையில் மூன்று கட்டம் கூடுதலாக இருந்திருந்தால் கதையே வேறு. 67 கட்டம், 147573952589676412927. மெர்சென் எண்களுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுத் துறவி மெர்சென் இது பகா எண் என்றார். லூக்கா 1876-இல் இல்லை என்று நிரூபித்தார், ஆனால் காரணிகள் என்னவென்று சொல்ல அவராலும் முடியவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணிதக் கழகக் கூட்டம், கோல் என்பவர் எழுந்து போய் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். எத்தனை நாள் ஆயிற்று என்று பின்னால் கேட்டதற்கு மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

கோலப்புள்ளி | ஞாயிறு இரவு 8:30

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், 3, 5, 17, 257 என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த எண்கள் என் கோல நோட்டில் இருக்கின்றன.

முதல் வரியில் ஒரு புள்ளி. ஒவ்வொரு வரியும் மேல் வரியைவிட ஓர் இடம் அதிகம். ஒரு இடத்தின் தலைக்கு மேலே இரண்டு பக்கமும் உள்ளவற்றில் ஒன்றில் மட்டும் புள்ளி இருந்தால் புள்ளி வைக்கணும், இரண்டிலும் இருந்தாலோ இரண்டிலும் இல்லாவிட்டாலோ வெற்றிடம். வேறு விதியே கிடையாது. வைத்துக்கொண்டே போனால் முக்கோணத்துக்குள் முக்கோணமாகத் தானாக விரியும், வாசலில் போட்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்புறம் ஒருநாள் என் அண்ணன் ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசித்துப் பார் என்றான், புள்ளிக்கு 1, வெற்றிடத்துக்கு 0. வந்த வரிசை: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257...

2-ஆம், 4-ஆம், 8-ஆம், 16-ஆம் வரிகளில் வெற்றிடமே இருக்காது, முழுக்கப் புள்ளி. 64-ஆம் வரியிலும் அப்படித்தான், 64 புள்ளி. அதை வாசித்தால் சாட்ஸ்வர்த் அக்கா வீட்டு அரிசி எண்!

டோங்காட்_வாத்தியார் | ஞாயிறு இரவு 9:05

அம்மா, நீங்கள் எழுதிய வரிசையைப் பார்த்துவிட்டு உட்கார முடியவில்லை எனக்கு. அதே வரிசை வடிவ கணிதத்தில் வேறொரு வாசல் வழியாக வருகிறது. கவராயமும் அளவு குறிக்காத கோலும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம்? பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றில் இன்றுவரை தெரிந்தவை 3, 5, 15, 17, 51, 85, 255, 257... 17 பக்கம் வரையலாம் என்று 1796-இல் காட்டியபோது ஜெர்மன் கணித அறிஞர் கௌஸுக்குப் பத்தொன்பது வயது கூட ஆகவில்லை. மொத்தம் 31 தெரியும், கடைசி 4294967295 பக்கங்கள். உங்கள் 2-ஆம் வரியிலிருந்து 32-ஆம் வரி வரை எண்ணுங்கள், 31 வரி!

லெனேசியாக்காரன் | ஞாயிறு இரவு 9:30

ஐயா, மன்னிக்கணும், இது எனக்கு ஒப்பவில்லை. புள்ளி வைப்பதற்கும் கவராயத்துக்கும் என்ன சம்பந்தம்? தற்செயலாக ஒத்துப்போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறோமோ? 33-ஆம் வரி எங்கே?

டோங்காட்_வாத்தியார் | ஞாயிறு இரவு 10:10

நீங்கள் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். 33-ஆம் வரியில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி, நடுவில் 31 வெற்றிடம். வாசித்தால் 4294967297. அது 641 × 6700417, அத்தனை பக்கம் உள்ள பலகோணத்தை வரைய முடியாது. அங்கே இரண்டு வரிசையும் பிரிந்துவிடுகின்றன.

ஆனால் 31 வரை ஒத்துப்போவது தற்செயல் இல்லை. கோலத்தில் எந்த வரியை எடுத்தாலும் அதன் எண் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று மேலும் போகிற அந்த ஃபெர்மா எண்களில் சிலவற்றின் பெருக்கல், எதுவும் இரண்டு தரம் வராது. 15 என்பது 3 × 5, 51 என்பது 3 × 17, 85 என்பது 5 × 17. கவராயப் பக்கத்திலும் அதே விதிதான், ஆனால் கூடுதலாக ஒரு நிபந்தனை, அந்த ஃபெர்மா எண்கள் பகா எண்களாக இருக்க வேண்டும். முதல் ஐந்தும் பகா எண்கள், ஆகவே அதுவரை இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. ஆறாவது உடைந்த எண், அங்கே கவராயம் நின்றுவிடுகிறது, கோலம் மேலே போகிறது. ஐந்து எண்களைச் சேர்த்தும் விட்டும் பெருக்க 32 வழி, ஒன்றையுமே எடுக்காத வழியைக் கழித்தால் 31.

லெனேசியாக்காரன் | ஞாயிறு இரவு 10:25

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். பிரிகிற இடத்தையும் காரணத்தோடு சொல்ல முடிகிறது என்றால் அது தற்செயல் இல்லை.

சாட்ஸ்வர்த்_அம்மா | திங்கள் மாலை 6:15

இன்று பள்ளி விட்டு வந்ததும் மகன் கணக்கு நோட்டின் கட்டத்தாள்களை ஒட்டிக் கோலத்தை ஆரம்பித்துவிட்டான். 33-ஆம் வரி வந்தபோது நடுவில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்துத் தப்பு செய்துவிட்டோம் என்று முதலிலிருந்து சரிபார்த்தான், பிறகுதான் வாத்தியார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அப்புறம் 641-ஐயும் 6700417-ஐயும் கையால் பெருக்கினான். முதல் தடவை கடைசிக் கூட்டலில் ஒன்று விட்டுப்போயிற்று, இரண்டாம் தடவை 4294967297 சரியாக வந்தது. தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினான், அவர் ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார்.

இப்போது 64-ஆம் வரி முடிந்து, 65-ஆம் வரியிலும் இரண்டு ஓரப் புள்ளி மட்டும் வருகிறது. அரிசி எண்ணைவிட இரண்டே இரண்டு அதிகம். அது உடையுமா என்று கேட்கிறான்.

டோங்காட்_வாத்தியார் | திங்கள் மாலை 6:40

உடையும் அம்மா. 1880-இல் லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் உடைத்தார், அப்போது அவருக்கு வயது 82. 274177 × 67280421310721. தாளை நீளவாட்டில் வைத்துப் பெருக்கச் சொல்லுங்கள், அகலம் போதாது.